போட்டியிலிருந்து விலகலாம், பொறுப்பிலிருந்து விலக வேண்டியதில்லை

முதுமையடைந்த தலைவர் எப்படி ஒதுங்குவது என்பதற்கு மகாராஷ்டிர அரசியல் இரண்டு மாதிரிகளைத் தந்திருக்கிறது. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. 2023 மே 2 அன்று, மும்பை யஷ்வந்த்ராவ் சவான் மையத்தில் தம் தன்வரலாற்று நூல் வெளியீட்டு மேடையில், தேசியவாத காங்கிரஸ் தலைவர் பதவியை விட்டு விலகுவதாக சரத் பவார் திடீரென அறிவித்தார். அப்போது அவருக்கு 82 வயது. அரங்கிலேயே தொண்டர்கள் கண்ணீர் விட்டார்கள். அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய குழு, அவருடைய விலகலையே ஏற்க மறுத்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் முடிவைத் திரும்பப் பெற்றார். ஜூலை 2 அன்று அவருடைய அண்ணன் மகன் அஜித் பவார் துணை முதல்வராகப் பதவியேற்க, கட்சி பிளந்தது. இரண்டாவது அறிவிப்பு 2024 நவம்பர் 5 அன்று பாராமதியில் வந்தது. இதுவரை 14 தேர்தல்களைச் சந்தித்துவிட்டேன், இனி போட்டியிடப் போவதில்லை, மாநிலங்களவையில் இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது, அதன்பிறகு தொடர்வதா என்று யோசிக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். உறுப்பினர் பதவியை அவர் துறக்கவில்லை.

இந்த இரண்டாவது வழியே சரியானது. அடுத்த தேர்தல் வேண்டாம் என்று சொல்லும் தலைவரிடம், அப்படியானால் இன்றே பதவியையும் விட்டு இறங்குங்கள் என்று கேட்பது நியாயமாகத் தோன்றும். அமெரிக்காவில் இந்தக் குரல் உரக்கவே எழுந்தது. 2024 ஜூலை 21 அன்று, 81 வயதான ஜோ பைடன் மறுதேர்தலிலிருந்து விலகியபோது, போட்டியிடத் தகுதியில்லாதவர் ஆளவும் தகுதியில்லாதவர், உடனே பதவி விலக வேண்டும் என்றார் பிரதிநிதிகள் சபைத் தலைவர் மைக் ஜான்சன். ஆனால் இவை இரண்டு வேறு கேள்விகள். பைடனுக்கு மீதமிருந்தது ஆறு மாதம். இரண்டாம் முறை வென்றிருந்தால் அந்தப் பதவிக்காலம் முடியும்போது அவருக்கு 86 வயதாகியிருக்கும். ஆறு மாதம் தாங்கும் உடல் நான்கரை ஆண்டு தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்வது, இன்றைய இயலாமையை ஒப்புக்கொள்வதாகாது. விலகிய பதினோரே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, பல நாடுகள் சேர்ந்த பெரிய கைதிகள் பரிமாற்றம் ரஷ்யாவோடு நடந்தேறியது. நவம்பரில் இஸ்ரேல்–லெபனான் போர்நிறுத்தம் வந்தது. இன்னொன்றும் உண்டு. அவர் பதவி விலகி கமலா ஹாரிஸ் அதிபராகியிருந்தால், துணை அதிபர் இடம் காலியாகியிருக்கும். அதை நிரப்ப எதிர்க்கட்சி கையிலிருந்த பிரதிநிதிகள் சபையின் ஒப்புதல் தேவை. அதுவரை அதிபருக்கு அடுத்த வரிசையில் நின்றிருப்பவர், விலகல் கோரிய அதே ஜான்சன்தான்.

நம்மூரில் இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு மன்மோகன் சிங். 2014 ஜனவரி 3 அன்று செய்தியாளர்கள் முன்னிலையில், மீண்டும் பிரதமர் வேட்பாளராக இருக்கமாட்டேன் என்று தெளிவாக அறிவித்தார். அவருக்கும் அப்போது வயது 81. ஐந்தாண்டுகளுக்கு முன்பே இதய அறுவை சிகிச்சை முடித்தவர். ஆனாலும் தேர்தல் முடிவு வரும்வரை பிரதமராகவே இருந்தார். போகப்போகிறவர் சொல்லை யார் கேட்பார்கள், அரசு முடங்கிவிடுமே என்ற வாதத்துக்கு அந்த நான்கு மாதங்களே பதில். அறிவிப்புக்குப் பின் வந்த பிப்ரவரியில்தான் ஆந்திரத்தைப் பிரித்துத் தெலங்கானாவை உருவாக்கும் மசோதா, சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பையும் மீறி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். செல்வாக்கு வடிந்த அரசு செய்யக்கூடிய காரியமல்ல அது.

முன்கூட்டியே அறிவிப்பதன் பெரிய பயன், அடுத்தவருக்குக் கிடைக்கும் அவகாசம். 2022 செப்டம்பரில்தான் பவாரை இன்னொரு நான்கு ஆண்டுக்குத் தலைவராகக் கட்சி தேர்ந்தெடுத்திருந்தது. மறுமுறை நிற்கமாட்டேன், இந்தக் காலத்துக்குள் உங்கள் தலைவரை நீங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுங்கள் என்று அவர் அன்றே சொல்லியிருந்தால், அஜித் பவாரும் பவாரின் மகள் சுப்ரியா சுலேயும் தொண்டர்களிடம் போய் ஆதரவு கேட்டிருக்க முடியும். பிளவுக்கு அதிகார ஆசை உட்பட வேறு காரணங்கள் இருந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் வாரிசுக் கேள்வி திடீரென எழுந்து மூன்று நாளில் அமுக்கப்பட்டபோது, அது தீராத மனக்குறையாகக் கட்சிக்குள் தங்கியது. இரண்டே மாதத்தில் பாந்த்ரா கூட்டத்தில் அஜித் பவார் தம் சித்தப்பாவின் வயதைச் சொல்லியே, எப்போது ஓய்வு பெறுவீர்கள் என்று கேட்டார். அவகாசம் தராத மாற்றம் வேறு கட்சியிலும் கசந்தது. மும்பையின் காட்கோபர் கிழக்கில் 1990 முதல் ஆறு முறை தொடர்ந்து வென்ற பிரகாஷ் மேத்தாவுக்கு 2019-இல் பாரதிய ஜனதா கட்சி இடம் மறுத்தது. அங்கே காரணம் வயதல்ல. ஆனாலும் மாற்றம் வேட்புமனுவின் கடைசிக் கட்டத்தில் மேலிருந்து இறங்கியபோது என்ன ஆகும் என்பதைத் தொகுதி பார்த்தது: புதிய வேட்பாளர் பராக் ஷாவின் காரை மேத்தாவின் ஆதரவாளர்கள் தாக்கினார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் அதிக விலையில் வந்தது. 1984 அக்டோபரில் உடல்நலம் குன்றி அப்போலோவில் சேர்ந்த எம்.ஜி.ஆர்., அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் வென்றார். பேச்சு சரியாகத் திரும்பாத நிலையில் 1985 பிப்ரவரியில் மீண்டும் முதல்வரானார். மக்கள் அன்பில் குறையில்லை. ஆனால் தமக்குப் பின் யார் என்பதை அவரும் சொல்லவில்லை, கட்சியும் கேட்கத் துணியவில்லை. 1987 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்ததும் கட்சி இரண்டானது. அவர் மனைவி ஜானகியின் அமைச்சரவை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை, சட்டமன்றத்தில் அடிதடி நடந்தது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1984 தேர்தலில் அவர் ஒதுங்கி நின்று வழிகாட்டியிருந்தால் இதில் பாதியாவது தவிர்ந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

மீண்டும் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை என்றானபின் ஒருவர் யாருக்குப் பயப்படுவார் என்ற ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. மகனுக்கு மன்னிப்பு வழங்கமாட்டேன் என்று சொல்லிவந்த பைடன், தேர்தல் முடிந்தபின் 2024 டிசம்பரில் வழங்கிவிட்டார். அது தவறு. ஆனால் இந்த ஆபத்து இரண்டாம் முறையோடு சட்டப்படி முடியும் ஒவ்வொரு அதிபர் பதவியிலும் உண்டு. அதற்காக அவர்களைக் கடைசி ஆண்டில் யாரும் இறங்கச் சொல்வதில்லை. சிங்கப்பூரின் அதிபராக இருந்த தமிழர் எஸ்.ஆர். நாதன் இதற்கு நல்ல மறுசான்று. 87 வயதை எட்டவிருந்த நிலையில், 2011 ஜூலை 1 அன்று மூன்றாம் முறை நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். ஆகஸ்ட் 31 வரை கடமையைச் செய்து முடித்தார். அந்நாட்டு மக்கள் அந்த ஆகஸ்டிலேயே வாக்களித்து அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எனக்கே கடினமாகத் தோன்றும் ஆட்சேபம் மும்பை சிவாஜி பார்க்கிலிருந்து வருகிறது. 2005 டிசம்பரில் பாரதிய ஜனதாவின் வெள்ளிவிழாப் பேரணியில், இனித் தேர்தலில் நிற்கமாட்டேன் என்று வாஜ்பாய் அறிவித்தார். லக்னோ உறுப்பினராக 2009 வரை நீடித்தார். ஆனால் அவர் உடல்நிலை சரிந்துகொண்டே போனது. கடைசிக் காலத்தில் அந்தத் தொகுதிக்காக அவையில் எழுந்து பேச ஆளில்லை. இங்கே பதவியையும் விட்டிருக்க வேண்டும். அப்படியானால் கோடு எங்கே? இன்றைய வேலையை இன்று செய்ய முடிகிறதா என்பதில். அதை அறிய நமக்கு இந்தியாவில் வழியே இல்லை. தலைவர்கள் மருத்துவ அறிக்கை வெளியிட வேண்டும் என்ற சட்டம் கிடையாது. 2016-இல் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்தபோது என்ன நடந்தது என்று ஆராய அமைந்த ஆணையம் அறிக்கை தர 2022 ஆகிவிட்டது. பதவியில் தொடர விரும்பும் முதிய தலைவர் தம் உடல்நிலையைச் சுயேச்சையான மருத்துவர்கள் வழியாக மக்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்ல மறுத்தால் விலகல் கோரிக்கை நியாயமாகிவிடும்.

வயதை மட்டும் வைத்துத் துரத்த வேண்டும் என்பது என் வாதமல்ல. கட்சி பிளந்து, பெயரும் கடிகாரச் சின்னமும் பறிபோனபின், 83 வயதில் 2024 மக்களவைத் தேர்தலில் 10 இடங்களில் நின்று 8-இல் வென்று காட்டியவர் பவார். அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் 86 இடங்களில் 10 மட்டுமே கிடைத்தது. இரண்டிலும் பிரசாரத்தின் பெருஞ்சுமை அவர் தோளில்தான் இருந்தது. அடுத்த முறை எழுபதைத் தாண்டிய வேட்பாளர் காட்கோபரிலோ செம்பூரிலோ தாராவியிலோ உங்கள் வாசலுக்கு வந்தால், வேலைக்கும் தண்ணீருக்கும் சேர்த்து இன்னும் இரண்டைக் கேளுங்கள்: ஐந்தாண்டும் இந்த வேலையைச் செய்ய உடல் இடம் கொடுக்குமா? உங்களுக்குப் பின் வருபவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை எங்களுக்கு எப்போது தருவீர்கள்?