வகுப்பறையே சோதனைச்சாலை

பல்கலைக்கழகத்தில் உளவியலின் அறிமுகத் தாளை எடுக்கிற மாணவர்களில் பலருக்கு ஓர் எண்ணம் இருக்கும்: ஒரு செமஸ்டர் படித்தால் எதிரில் இருப்பவர் மனத்தில் ஓடுவதைச் சொல்லிவிடலாம். வீட்டாரும் அப்படியே நம்புகிறார்கள். ‘நான் இப்போ என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்’ என்ற கேள்வியைச் சந்திக்காத உளவியல் மாணவர் அபூர்வம். பாடத்திட்டம் கைக்கு வந்ததும் அந்த எண்ணம் கலையத் தொடங்குகிறது. தொடக்க அலகுகளில் நரம்பணுவின் படமும் கண்ணின் குறுக்குவெட்டும் இருக்கின்றன. போதாக்குறைக்குப் புள்ளியியல் வேறு. நண்பர், குடும்பம், கூட்டம் என்று மனிதர்கள் வந்து சேர்வதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இந்த வரிசை வரலாறு தந்தது. 1879-இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் நடத்தத் தொடங்கிய வில்ஹெல்ம் வுண்ட், மருத்துவமும் உடலியங்கியலும் பயின்றவர். ஒலியைக் கேட்டவர் எவ்வளவு நேரத்தில் விசையை அழுத்துகிறார் என்பது போன்ற, கருவியால் அளக்கக்கூடிய கேள்விகளே அங்கு முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஜேம்ஸ், இரண்டு ஆண்டில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட பாடநூலைப் பன்னிரண்டு ஆண்டு எழுதி 1890-இல் வெளியிட்டார். ஏறத்தாழ 1,400 பக்கம். மாணவர்களால் தூக்க முடியாது என்பதாலோ என்னவோ, 1892-இல் சுருக்கப் பதிப்பு வந்தது. பெரியதற்கு ‘ஜேம்ஸ்’ என்றும் சின்னதற்கு ‘ஜிம்மி’ என்றும் மாணவர்கள் பெயர் வைத்தார்கள். அவர் எழுதிய மூளை, பழக்கம், கவனம், நினைவு, உணர்ச்சி ஆகியவை இன்றைய பாடநூல்களிலும் அத்தியாயத் தலைப்புகளாக நீடிக்கின்றன.

மூளையைப் பற்றிய அத்தியாயத்தில் பினியாஸ் கேஜ் தவறாமல் வருவார். 1848-இல் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை தகர்க்கும்போது, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான இரும்புக் கம்பி அவர் கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்தார், குணம் மாறிவிட்டது என்று மருத்துவர் எழுதினார். பாடநூல்கள் அந்தக் குறிப்பை ஊதிப் பெரிதாக்கி அவரை ஊதாரியாகவும் நாடோடியாகவும் ஆக்கிவிட்டன. பின்னாளில் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டி உழைத்துச் சம்பாதித்தது அவற்றில் விடுபட்டுப்போனது. கற்றல் அத்தியாயத்தில் ரஷ்ய உடலியங்கியலாளர் பாவ்லவின் நாய் வரும். அவர் உளவியலாளரே அல்லர். 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக. சாப்பாடு வருமுன்பே நாய்க்கு எச்சில் ஊறியது அந்த ஆய்வில் குறுக்கிட்ட தொல்லை. அந்தத் தொல்லையையே ஆராய முடிவுசெய்ததில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

நினைவைப் பற்றிய பகுதி மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது. 1885-இல் நூல் வெளியிட்ட ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறதியின் வேகத்தைக் கணக்கிட்டார். முதல் மணி நேரங்களில் மறதி செங்குத்தாகச் சரிகிறது, பிறகு மெதுவாகிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் வெளியிட்ட ஆய்வு தேர்வுக்கால வழக்கம் ஒன்றைப் பரிசோதித்தது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் சுமார் 60 சதவீதத்தையும், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் சுமார் 40 சதவீதத்தையும் நினைவில் வைத்திருந்தார்கள். இதைப் பாடமாகப் படித்த பிறகும் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டே படிப்பவர்கள் குறைவதில்லை.

மறப்பது ஒருபுறம் இருக்க, நடக்காததும் நினைவில் வந்து சேரும். எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டப்பட்டது. ஒரு பிரிவினரிடம் கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்றும், இன்னொரு பிரிவினரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. கண்ணாடியே உடையாத படம் அது. ‘நொறுங்கிய’ பிரிவில் 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ‘இடித்த’ பிரிவில் 7 பேர். நீதிமன்றச் சாட்சியம் பற்றிய ஆய்வுகளில் இன்றும் இந்த எண்கள் பேசப்படுகின்றன.

எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துக்கொண்டார். பிறகு வந்த ஆய்வாளர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கைக்கெட்டும் தூரத்தில், சம்பளம் கேட்காமல் இருந்தவர்கள் அறிமுக வகுப்பு மாணவர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், ஆய்வுகளில் சில மணி நேரம் பங்கேற்பது பாடத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. மனித நடத்தையைப் படிக்க வந்தவர்களே, படிக்கப்படும் மனிதர்களும் ஆனார்கள்.

பெர்ட்ராம் ஃபோரரின் சோதனை இதற்கு நல்ல சான்று. அவர் தம் அறிமுக வகுப்பின் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை நடத்தி, சில நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிட்ட குணச்சித்திரத்தைத் தந்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லாருக்கும் தரப்பட்டது ஒரே குறிப்பு; வாக்கியங்களில் பெரும்பகுதி கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. 1949-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தவர், மரத்தடிக் கிளி எடுத்துத் தரும் சீட்டு ஏன் எல்லாருக்கும் பொருந்துகிறது என்று வியக்கமாட்டார்.

அதைவிட விரிவாகச் சொல்லவேண்டியது ஜான் டார்லி, பிப் லட்டானே இருவரின் ஆய்வு. 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று செய்தித்தாள் எழுதியது. அந்த எண் தவறு என்பது பிற்பாடு தெரியவந்தது. ஆனால் சுற்றிப் பலர் இருக்கும்போது ஏன் யாரும் உதவுவதில்லை என்று செய்தி எழுப்பிய கேள்வி தவறானது அல்ல. 1968-இல் வெளியான ஆய்வில், நியூயார்க் பல்கலைக்கழக அறிமுக வகுப்பு மாணவர்கள் தனித்தனி அறைகளில் உட்கார்ந்து, கல்லூரி வாழ்க்கையின் சிரமங்களைப் பற்றி இண்டர்காம் வழியே உரையாடினார்கள். உரையாடலில் ஒருவர் தமக்கு வலிப்பு வருவதுண்டு என்கிறார். சற்று நேரத்தில் திணறுகிறார், உதவி கேட்கிறார். அது ஒலிப்பதிவு என்பது மாணவருக்குத் தெரியாது. கேட்பவர் தாம் ஒருவரே என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு அடங்குமுன் வெளியே வந்தார்கள். தம்மைப்போல இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம். வராதவர்கள் கல்நெஞ்சக்காரர்களாக இல்லை. சோதனையாளர் உள்ளே வந்தபோது பலர் பதற்றத்தில் இருந்தார்கள், அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். குணத்தைவிடச் சூழ்நிலைக்கு எடை அதிகம் என்ற சமூக உளவியலின் மையக் கருத்து இத்தகைய ஆய்வுகளின் மேல் நிற்கிறது.

இப்படிப்பட்ட முடிவுகள் எல்லாமே உறுதியானவையா? 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் பிலிப் ஜிம்பார்டோ நடத்திய போலிச் சிறைச் சோதனையில், காவலர்களாக இருந்த மாணவர்கள் தாமாகக் கொடுமைக்காரர்கள் ஆனார்கள் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே வழிகாட்டப்பட்டது ஆவணங்களிலிருந்து பின்னர் வெளிவந்தது. 2015-இல் ஒரு பெரிய ஆய்வாளர் குழு, மதிப்புள்ள மூன்று இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத்தக்க முடிவைக் காட்டியிருந்தன. மறுஆய்வில் 36 சதவீதமே அப்படிக் காட்டின. புள்ளியியல் தாளைச் சபித்துக்கொண்டே படிக்கிற மாணவருக்கு, அந்தத் தாள் எதற்கு என்பது இந்த இடத்தில் விளங்கவேண்டும். நல்ல ஆசிரியர் இந்தச் செய்தியைக் கடைசி வகுப்புக்கு ஒத்திவைக்கமாட்டார்.

இன்னொரு குறை, ஆய்வுக்கு உட்பட்டவர்கள் யார் என்பது. 2003 முதல் 2007 வரை ஆறு முன்னணி இதழ்களை ஜெஃப்ரி ஆர்னெட் கணக்கெடுத்தார். பங்கேற்றவர்களில் 68 சதவீதம் அமெரிக்கர்கள். மேலைத் தொழில்வள நாடுகள் அனைத்தையும் சேர்த்தால் 96 சதவீதம். அவர்களிலும் பலர் கல்லூரி மாணவர்கள். ‘மனிதர்கள் இப்படி நடப்பார்கள்’ என்று பாடநூல் எழுதும்போது, அந்த மனிதர்களில் பலர் அறிமுக வகுப்பின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களே.

இந்த எச்சரிக்கைக்கான சான்று நூறாண்டுக்கு முன்பே நீலகிரியில் கிடைத்திருந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02-இல் தோடர்களிடையே தங்கி, அவர்களின் புலனறிவைச் சோதித்தார். ஒரே நீளமுள்ள இரு கோடுகள்; ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். ஆங்கிலேயர்களுக்கு இரண்டாவது நீளமாகத் தெரிந்தது. தோடர்கள் அந்த அளவுக்கு ஏமாறவில்லை. கண்ணுக்குத் தெரிவதுகூட எல்லாருக்கும் ஒன்றல்ல என்றால், குணத்தைப் பற்றிய தீர்ப்புகளைச் சொல்லவே வேண்டாம். 1984-இல் ஜோன் மில்லர் மைசூரு, சிகாகோ மக்களை ஒப்பிட்டபோது இது தெளிவானது. மைசூரில் கேட்ட சம்பவம் ஒன்று: மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் வெடித்து, பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபட்டார். வண்டி ஓட்டிய வழக்கறிஞர் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டார், அடிபட்டவர் இறந்துபோனார். அமெரிக்கர்கள் வழக்கறிஞரின் பொறுப்பற்ற குணத்தைச் சொன்னார்கள். இந்தியர்கள் கோர்ட்டில் இருந்தாகவேண்டிய கடமை, காயம் பெரிதாகத் தெரியாதிருக்கலாம் என்றெல்லாம் சூழலைச் சொன்னார்கள். எட்டு வயதுக் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு அதிகம் இல்லை. வயது ஏற ஏற வளர்ந்தது.

இந்த மேலை உளவியலே இந்தியாவுக்கும் வந்தது. இங்கு முதல் உளவியல் துறை 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதை நடத்திய என். என். சென்குப்தா ஹார்வர்டில் பயின்றவர். 1924-இல் மைசூரில் துறையைத் தொடங்கிய எம். வி. கோபாலசாமி லண்டனில் பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஜி. டி. போவாஸ் துறையை நிறுவினார். ஆசிரியர்களின் பயிற்சியோடு பாடத்திட்டமும் கப்பலேறி வந்தது. இந்தப் பாடத்தைப் படித்து இளநிலைப் பட்டம் மட்டும் பெற்றவர் இங்கு சிகிச்சை உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு மேற்படிப்பும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவும் வேண்டும்.

பாடத்தைக் கற்றவர் மனிதர்களைக் கூடுதலாகப் புரிந்துகொள்கிறாரா என்பதையும் உளவியலாளர்கள் சோதித்திருக்கிறார்கள். 1975-இல் ரிச்சர்ட் நிஸ்பெட், யூஜின் போர்கிடா இருவரும் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களுக்கு டார்லி, லட்டானே இருவரின் வலிப்புச் சோதனையை விளக்கினார்கள். சிலருக்கு முடிவையும் சொன்னார்கள்: 15 பேரில் 4 பேர்தான் உடனே எழுந்து போனார்கள், 6 பேர் அசையவே இல்லை. பிறகு அந்தச் சோதனையில் பங்கேற்றதாக இருவரின் சாதாரணப் பேட்டியைப் படமாகக் காட்டி, இவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டார்கள். முடிவை அறியாத மாணவர்கள், நல்ல பிள்ளைகளாகத் தெரிகிறார்கள், உடனே ஓடியிருப்பார்கள் என்றார்கள். முடிவை அறிந்தவர்களும் அதையே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு முறை மாற்றப்பட்டது. முடிவைச் சொல்லாமல், பேட்டியில் பார்த்த இருவரும் உதவவில்லை என்பதை மட்டும் சொல்லி, மற்றவர்கள் எப்படி நடந்திருப்பார்கள் என்று கேட்டார்கள். இந்தப் பிரிவினர் மொத்தக் கணக்கை ஏறத்தாழச் சரியாக ஊகித்தார்கள். சதவீதத்தை முதலில் சொல்லிவிட்டு மனிதரைப் பிறகு காட்டும் ஆசிரியர்கள் வரிசையை மாற்றிப் பார்க்க இது போதுமான காரணம்.