அயலாரின் இரவை விற்க எவருக்கு உரிமை?

யாழ்ப்பாணத்து முற்றவெளியில் இசைநிகழ்ச்சிக்கென மேடை எழும்பும்போது மூன்று தரப்பார் கூடிப் பேசுகின்றனர். நிகழ்ச்சியை நடத்துவோர் ஒரு தரப்பு. மைதானத்தைக் கொடுப்போர் மற்றொரு தரப்பு. அனுமதிப்பத்திரம் வழங்கும் பொலிசார் மூன்றாந் தரப்பு. நான்காந் தரப்பு ஒன்று உண்டு. கொட்டடியிலும் கோட்டையைச் சூழ்ந்த தெருக்களிலும் குடியிருக்கும் மக்களே அவர்கள். அன்றிரவு சுவர் அதிர, யன்னல் நடுங்க, உறக்கமின்றிப் புரளப்போகின்றவர்கள் அவர்களே. அவர்களை ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. கேளாதிருப்பது பண்புக்குறைவு மட்டுமன்று, சட்டத்தை மீறுவதுமாகும். இதுவே நமது வாதம்.

இதனைச் சொன்னவுடன் நம்மை இசையின் பகைவரென்று ஏசுவோர் எழும்புவர். அவர்களுக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகின்றோம். நாதசுரமும் தவிலும் விடிய விடிய ஒலித்த கோயில் வீதிகளிலே வளர்ந்த இனம் நம்முடையது. கூத்தாடிய களரியில் பாயை விரித்து இராமுழுதும் கண்விழித்தவர்கள் நம் மூதாதையர். இசையை நாம் வெறுக்கவில்லை. கேட்க விரும்புவோன் சீட்டு வாங்கிக் கேட்கட்டும், தடையில்லை. கேட்க விரும்பாதவன் தன் வீட்டினுள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும்போது, அவன் காதினுள் அதனை வலிந்து புகுத்தும் உரிமை எவருக்கு உண்டு? வழக்கு இவ்வளவே.

சட்டம் யாது கூறுகின்றது என்று பார்ப்போம். 2007 ஆம் ஆண்டு நவம்பர் 9 ஆம் நாள் இந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பொன்றை வழங்கியது. வெலிகமையிலுள்ள பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த அடிப்படை உரிமை வழக்கு அது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா, அவ்வூர்ப் பிணக்கோடு நின்றுவிடாமல், நாடு முழுவதற்கும் பொருந்தும் பணிப்புகளை விதித்தார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு, பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80 ஆம் பிரிவின் கீழ் அனுமதி வழங்கலாகாது என்பது முதற் பணிப்பு. அந்நேரம் தவிர்ந்த வேளையிலும் ஒலி அந்த வளவின் எல்லையைத் தாண்டிப் பரவாதிருக்க வேண்டும் என்பது இரண்டாவது. விசேட சமய வைபவங்களுக்கும் விசேட நிகழ்வுகளுக்கும் இரவில் மட்டான நேரம் அனுமதிப்பதாயின், அயலில் குடியிருப்போரின் கருத்தை அறிந்த பின்னரே அனுமதிக்கலாம். அந்த அனுமதி நடைமுறைக்கு வருமுன் அதனை அவர்களுக்கு அறிவிக்கவும் வேண்டும் என்பது மூன்றாவது.

இந்த மூன்றாவது பணிப்பை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை படிக்கவேண்டுமென்று கேட்கின்றோம். அயலவனின் கருத்து, அதிகாரி மனமிரங்கிக் கேட்கும் உபசாரமன்று. அனுமதி பிறப்பதற்கு அதுவே முன்நிபந்தனை. கேளாமல் கொடுத்த அனுமதி, அத்திவாரமின்றிக் கட்டிய மதிலை ஒக்கும். கொழும்பிலிருந்து எவர் எந்த நேரநீடிப்பை அறிவித்தாலும், கேட்க வேண்டும் என்ற கடமை அதனால் அற்றுப்போய்விடாது. சட்டத்தைச் சிலருக்காகத் தளர்த்துவதும் சிலரைக் காக்க மறுப்பதும் அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் சமபாதுகாப்பை மறுப்பதாகும். இதுவும் அத்தீர்ப்பின் அடிப்படையே.

இனி, ஒலியின் அளவை நோக்குவோம். 1996 ஆம் ஆண்டின் ஒலிக்கட்டுப்பாட்டு விதிகள், மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இரவில் 50 டெசிபலையும், பிரதேச சபை எல்லைக்குள் 45 டெசிபலையும் உச்ச அளவாக வகுத்துள்ளன. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொதுநூலகம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயம். அங்கும் இரவு எல்லை 45 டெசிபலே. உலக சுகாதார நிறுவனம் 2009 இல் ஐரோப்பாவுக்கென வெளியிட்ட வழிகாட்டலிலே, உறங்கும் மனிதனின் வீட்டுக்கு வெளியே இரவுச் சராசரி 40 டெசிபலைத் தாண்டலாகாதென்று கூறியுள்ளது.

டெசிபல் கணக்கு நாம் கடையிற் போடும் கணக்கைப் போன்றதன்று. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஏறும். 20 ஏறினால் நூறு மடங்கு. திறந்த வெளியிலே தூரம் இரட்டிக்கும்போது குறைவது ஏறத்தாழ 6 டெசிபலே. மேடையிலிருந்து 20 மீற்றரில் 100 டெசிபல் ஒலிக்கின்றதென வைத்துக்கொண்டால், 160 மீற்றரில் 82. 640 மீற்றரிலும் 70. அத்தனை தொலைவில் இருக்கும் வீட்டு வாசலிலும், சட்டம் இடங்கொடுத்த ஆற்றலைப்போல் நூறு மடங்கு வந்து மோதுகின்றது. இடையிலுள்ள கட்டிடங்கள் சிறிது மறைக்கும். காற்று அத்திசையில் வீசினாற் கூடவுஞ் செய்யும். அதிர்மேளத்தின் தாழ்ந்த ஒலியோ கதவுக்கும் சுவருக்கும் அடங்குவதில்லை. கட்டிலின் காலில் ஏறி நெஞ்சில் வந்து இடிக்கின்றது.

முற்றவெளி ஊருக்கு ஒதுக்குப்புறமான தரிசு நிலமன்று. யாழ் பொதுநூலகமும் மத்திய கல்லூரியும் அதன் அயலில் இருக்கின்றன. போதனா வைத்தியசாலையும் நெடுந்தொலைவில் இல்லை. சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருப்பவனுக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், வைகறையில் கடலுக்குப் போகும் தொழிலாளிக்கும் அவ்வெளியின் ஓசை எட்டுகின்றது. 1974 ஆம் ஆண்டு சனவரி 10 ஆம் நாள், உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளிலே, ஒன்பது உயிர்கள் பலியான இடமும் இச்சூழலே. அவர்களின் நினைவுத்தூண்கள் அங்கேயே நிற்கின்றன. பெருங்கூட்டம் கூடும் இடத்தில் பொறுப்பற்ற அதிகாரம் என்ன விளைவிக்கும் என்பதை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

2024 பெப்ரவரி 9 ஆம் நாள் அதே முற்றவெளியிலே தென்னிந்தியப் பாடகர் ஹரிகரனின் இசைநிகழ்ச்சி நடந்தபோது, கூட்டம் தடுப்புகளைத் தாண்டி முன்னேறியதையும், நிகழ்ச்சி இடைநடுவில் நிறுத்தப்பட்டதையும் நாடறியும். அதன்பின் எழுந்த விவாதம் முழுவதும் சீட்டு வாங்கியோர் பற்றியும், இளைஞரின் ஒழுக்கம் பற்றியும், யாழ்ப்பாணத்தின் மானம் பற்றியுமே நடந்தது. அயலிலே குடியிருந்தோரின் இரவு அவ்விவாதத்தில் ஒரு வரியேனும் இடம்பெற்றதா?

'முப்பதாண்டு போரிலே துன்புற்ற மக்கள். அவர்களுக்குச் சற்று மகிழ்ச்சி வேண்டாமா?' என்று கேட்கின்றனர். வேண்டும். ஆனால் அப்போரின்போது இரவெல்லாம் உறங்காதிருந்தவர்களும் இதே மக்கள்தாமே! எறிகணை ஓசைக்குப் பதுங்குகுழிக்குள் ஒடுங்கியிருந்த முதியவளுக்கு, நள்ளிரவில் நிலம் அதிரும்போது நெஞ்சிலே தோன்றுவது மகிழ்ச்சியா? 'வணிகம் பெருகும், ஊருக்கு வருமானம் வரும்' என்கின்றனர். வரட்டும். வருமானம் ஒருவர் கைக்கும் உபாதை வேறொருவர் வீட்டுக்கும் போவதைத்தான் கண்டிக்கின்றோம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை இதுதான். உடைப்பவருக்குப் புண்ணியம், தேங்காய்க்காரனுக்கு நட்டம்.

இப்பிரச்சினை நகரத்தாருக்கு மட்டும் உரியதென்று கமக்காரர் எண்ணிவிடலாகாது. பாடசாலை மைதானத்திலும் கோயில் வீதியிலும் இசைக்கோஷ்டிக்கு மேடை போடும் வழக்கம் கிராமமெங்கும் பரவியுள்ளது. கோப்பாயிலும் உரும்பிராயிலும் விடியுமுன் எழுந்து தோட்டத்துக்கு நீர் இறைத்து, மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றவேண்டியவனுக்கு உறக்கமே முதலீடு. சட்டம் அவனுடைய பிரதேச சபைக்கு நகரத்திலும் இறுக்கமான 45 டெசிபல் எல்லையை வகுத்திருக்கின்றது. அவ்வுரிமை தனக்கிருப்பதை அவன் அறியான். அறிவிக்க வேண்டியோர் அறிவிப்பதுமில்லை.

இங்கே அரசியல் வந்து சேருகின்றது. அனுமதிப்பத்திரத்தில் ஒப்பமிடும் பொலிஸ் அதிகாரி எவருக்குப் பொறுப்புடையவர்? கொட்டடி வாக்காளனுக்கா? இல்லை, கொழும்பிலுள்ள தம் மேலதிகாரிகளுக்கே. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் மாகாணத்துக்கு உரியதென எழுதிவைத்த பொலிஸ் அதிகாரம் ஏட்டளவிலேயே கிடக்கின்றது. நம் தெருவில் எத்தனை மணிவரை ஒலிபெருக்கி அலறலாம் என்பதைக்கூட நாம் தீர்மானிக்க முடியாத நிலையே மத்திய ஆட்சியின் தன்மைக்குச் சிறந்த சான்று.

ஆயினும், கொழும்பின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நம் சபைகள் கைகழுவ நாம் விடமாட்டோம். சீட்டின்மீது களியாட்ட வரி அறவிடுபவை உள்ளூராட்சி சபைகளே. அவற்றின் ஆளுகையிலுள்ள மைதானத்தை எந்நிபந்தனையுடன் வாடகைக்கு விடுவதென்பது அவற்றின் கையில் இருக்கின்றது. அதற்குப் பதின்மூன்றாந் திருத்தமும் வேண்டா. கொழும்பின் அருளும் வேண்டா. ஒரு சபைத் தீர்மானம் போதும். தன்னாட்சி கேட்கும் இனம், தன் கையிலுள்ள சிறிய அதிகாரத்தையாவது தன் மக்களுக்காக ஆண்டு காட்டவேண்டாமா?

விதி எல்லார்க்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். சினிமாப் பாட்டுக்கு ஒரு நீதி, திருவிழாவுக்கு ஒரு நீதி, கட்சிக் கூட்டத்துக்கு ஒரு நீதி என்று பிரித்தலாகாது. வெலிகமைத் தீர்ப்பு பள்ளிவாசலுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. நம் கோயில்களையும் தேவாலயங்களையும் விகாரைகளையும் அது கட்டுப்படுத்தும். நம் அரசியல் மேடைகளையும் கட்டுப்படுத்தும். அதற்கு நாம் மகிழ்ச்சியுடன் பணிவோம். இறைவனுக்குக் காது கேளாதென்று எண்ணி ஒலிபெருக்கியைக் கோபுரத்தில் ஏற்றுவது பக்தியன்று.

ஆதலின் நாம் கோருவன இவை. மைதானத்தைக் கொடுக்கும் சபை, நிகழ்ச்சிக்கு இரு வாரங்களுக்கு முன்னராவது அயல் வீடுகளுக்குத் தமிழில் எழுத்துமூலம் அறிவித்து, அவர்களின் கருத்தைப் பதிவுசெய்தல் வேண்டும். ஒலிபெருக்கிகள் குடியிருப்பை நோக்காது கடலை நோக்கி நிறுத்தப்படல் வேண்டும். வீட்டு எல்லையில் ஒலியை அளந்து, அளவை மக்களுக்கு வெளிப்படுத்தல் வேண்டும். நடத்துவோரிடம் வைப்புப் பணம் பெற்று, எல்லை மீறினால் அதனைப் பறிமுதல் செய்தல் வேண்டும்.

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஓசை தாங்கமுடியாதபோது பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். தமிழிலேயே எழுதுவியுங்கள், வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழியென்று அரசியலமைப்பு கூறுகின்றது. முறைப்பாட்டைப் பதிந்து, நிகழ்விடத்துக்கு வந்து, ஒலியை நிறுத்தப் பணிப்பது பொலிசாரின் கடமையென அத்தீர்ப்பு விதித்துள்ளது. நிறுத்தாவிடின் கருவியை அகற்றி, நீதவான் முன் நடவடிக்கை எடுக்கவேண்டும். பதியப்பட்ட முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒருவர் போனால் விரட்டுவர். தெருவே திரண்டு போனால் கதிரை போடுவர். வழக்கு நடத்தத் தயாரான சட்டத்தரணிகள் நம் ஊரில் பஞ்சமில்லை. கட்சிக்காரர் கதவைத் தட்டுவதே இதுவரை குறைவு.

முற்றவெளி பொதுச்சொத்து. அங்கே பாடவும் ஆடவும் கூடவும் எல்லார்க்கும் உரிமை உண்டு. அதனைச் சுற்றியுள்ள இரவோ பொதுச்சொத்தன்று. அது அங்கே படுத்துறங்கும் ஒவ்வொரு குடியினதும் தனியுடைமை. உடையவனைக் கேளாது அதனை விற்கும் அனுமதிப்பத்திரம் எதுவாயினும், அதனை நீதிமன்றப் படியேற்றிக் கிழித்தெறிய நாம் பின்னிற்கமாட்டோம்.