அடி வாங்குவது கதாபாத்திரம்... வலிப்பது நமக்கா? ரோல்பிளேயிங் கேமில் ‘எக்ஸ் கார்டு’ எதற்கு?

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நகர்த்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசுகிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிரபலமாக்கிய ரோல்பிளேயிங் கேம் இதுதான். ஸ்க்ரீனே தேவையில்லை, எல்லாம் பேச்சும் கற்பனையும்தான்.

சிக்கலும் அங்கேதான். கதாபாத்திரம் அவமானப்பட்டால் ஆடுபவருக்கும் சுருக்கென்று குத்தும். சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கோபம் அடங்காது. இதை ‘பிளீட்’ என்கிறார்கள். ஈரத்துணியின் சாயம் பக்கத்துத் துணியில் ஒட்டுவதுபோல, கதையின் உணர்வு ஆள் மேல் ஒட்டிக்கொள்கிறது. இது கெட்டது என்று சொல்லிவிட முடியாது. பலர் ஆடுவதே இதற்காகத்தான். ஆனால், நிஜத்தில் வன்முறையை அனுபவித்தவர் முன்னால் அதே காட்சி திடீரென வந்து நின்றால்?

அதற்காக ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கியதுதான் ‘எக்ஸ் கார்டு’. மேஜை நடுவில் எக்ஸ் போட்ட ஓர் அட்டை. யாராவது அதைத் தொட்டால், அந்தக் காட்சியை வெட்டிவிட்டுக் கதை நகரும். ‘ஏன்?’ என்று யாரும் கேட்கக் கூடாது. விஷயமே இதில்தான் இருக்கிறது. காரணம் சொல்லியாக வேண்டும் என்றால், பலரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

‘இதெல்லாம் வெச்சா த்ரில்லே போயிடும்’ என்பவர்களும் உண்டு. ஹாரர் படத்துக்கும் பாஸ் பட்டன் இருக்கத்தானே செய்கிறது! ஆனால், பதறிப்போனவருக்குக் கார்டைத் தொடவும் கை வராமல் போகலாம். அதனால்தான் பல குழுக்கள் ஆட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து, எது கதையில் வரவே கூடாது, எது திரைக்குப் பின்னால் நடந்தால் போதும் என்று பேசி வைத்துக்கொள்கின்றன.