அன்றாடச் சைக்கிளுக்கு ஏற்ற பெடல் எது?

நம் அங்கத்தினர் இல்லங்களில் தறிக்கும் கழனிக்கும் அடுத்தபடியாக நாள்தோறும் உழைப்பது சைக்கிளே. 1949-ஆம் ஆண்டில் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் நமக்கு அண்மையிலுள்ள அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்து ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தளித்த நாள்முதல், சைக்கிள் நம் வட்டாரத்தின் சொந்த வாகனமாகிவிட்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் நம் இளைஞர் சிலர், கிளிப்லெஸ் பெடல் பூட்டலாமா என்று வினவுகின்றனர். இது ஆராயத் தக்க விஷயமேயாகும்.

முற்காலத்தில் பந்தய வீரர்கள் பாதத்தைக் கிளிப்பிலும் தோல்வாரிலும் பிணைத்து மிதித்தனர். பனிச்சறுக்குச் சாதனங்கள் செய்துவந்த பிரான்சு நாட்டு லுக் நிறுவனம் 1984-இல் புதுமுறையைக் கொணர்ந்தது. காலணியின் அடியிலுள்ள கிளீட் என்னும் துண்டு பெடலில் பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்புறம் திருப்பினால் விடுபடும். பழைய கிளிப் நீங்கியதால் 'கிளிப் இல்லாத' பெடல் எனப் பெயர் பெற்றது. 1985-இல் பெர்னார் இனோ இதைக் கொண்டே டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வென்றார். நெடுந்தூரம் விரைந்து செல்வோருக்கு இதனால் கால் வழுக்காது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் நம் பாதை பந்தயப் பாதையன்று. தெருவில் மாடு குறுக்கிடும். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் கனரக லாரிகள் உரசிச் செல்லும். அவ்வேளையில் கால் நொடியில் தரையை ஊன்ற வேண்டும். புதிதாகப் பழகுவோர் குதிகாலைத் திருப்ப மறந்து வண்டியோடு சாய்வது சகஜம். வயல் வரப்பில் விழுந்தால் சிராய்ப்போடு போகும். லாரியின் அருகே விழுந்தால் உயிருக்கே மோசம். மேலும், ஒரே சைக்கிளில் காலையில் தந்தை நூல் கட்டுடன் சங்கத்துக்குச் செல்கிறார். மாலையில் மகள் கடைக்குச் செல்கிறாள். ஒருவர் காலணிக்கென்று பெடலை அமைத்தால் ஏனையோர் செருப்புக் காலுடன் எங்ஙனம் மிதிப்பர்? ஆலையில் அணியும் பாதுகாப்புக் காலணிக்கும் அது ஒவ்வாது. குழித்தறியில் நாள் முழுதும் மிதிக்கும் நெசவாளரின் கால் எதனோடும் பிணைக்கப்படவில்லை. பழக்கமே அதற்குப் பிடிமானம்.

தட்டைப் பெடல் மழையில் வழுக்குமே என்பர். தேய்ந்த ரப்பர் கட்டை வழுக்கத்தான் செய்யும். அதற்குப் பரிகாரம் காலைப் பூட்டுவதன்று. அகன்ற பரப்பும் சொரசொரப்பான பிடிப்பும் உடைய பெடலை மாட்டுவதே. முன்னும் பின்னும் மஞ்சள் ஒளித்தகடு இருத்தல் அவசியம். மிதிக்குந்தோறும் அது மேலும் கீழும் அசைவதால் இரவில் பின்வரும் வாகனத்தாரின் கண்ணில் எளிதில் படும். மாட்டும்போது இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்ததென்பதை மறவாதீர்: இருபுறமும் ஸ்பானரின் மேல்முனையை வண்டியின் முன்பக்கமாகத் தள்ளினால் இறுகும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே இத்தகைய பெடல்களைச் சங்கம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, அடக்க விலைக்கு அங்கத்தினருக்கு வழங்குமாயின் நலம். நிர்வாகக் குழுவினர் இதனை அடுத்த கூட்டத்திலேயே பரிசீலிப்பார்களாக.