முட்டை சாப்பிட்டா சீழ் வைக்காதுங்க

கொஞ்சம் நீளமான இழை. சிசேரியன், குடலிறக்கம், கர்ப்பப்பை ஆபரேஷன் என்று வீட்டில் யாருக்காவது இப்போ தையல் இருந்தால் முழுசா படிச்சிடுங்க.

"முட்டை சாப்பிட்டா புண்ணு சீழ் பிடிக்கும்." "பருப்பு சாப்பிட்டா தையல் பிரியும்." "மீன் சாப்பிட்டா அரிக்கும்." "பால் குடிச்சா சீழ் கோத்துக்கும்." அரசு மருத்துவமனை வார்டில் வேலை பார்க்கிற எவரும் இந்த நாலையும் தினமும் கேட்கிறோம். நாலிலும் தடை ஒரே பொருளுக்குத்தான்: புரதம். காயம் ஆற உடம்பு எதைக் கேட்குதோ, அதைத் தேடிப் பிடிச்சு நிறுத்துறோம்.

தையல் நூலோட வேலை, வெட்டின இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடிச்சிருப்பது மட்டும்தான். ஒட்ட வைப்பது கொலாஜன். அது ஒரு புரதம். கிருமியோடு சண்டை போடுற எதிர்ப்புப் பொருட்களும் புரதம்தான். சீழ் என்பது அந்தச் சண்டையில் செத்த வெள்ளை அணுக்களும் கிருமிகளும் சேர்ந்தது. கிருமி தோலிலிருந்து வரும், கழுவாத கையிலிருந்து வரும், ஈரமான கட்டுத்துணியில் வளரும். அவிச்ச முட்டையோ குடலில் அமினோ அமிலங்களா உடைஞ்சு ரத்தத்தில் கலக்குது. அது சீழாகித் தையலுக்குப் போய்ச் சேர உடம்பில் வழியே கிடையாது.

கட்டுக்கடங்காத சர்க்கரை, ரத்தசோகை, பீடி சிகரெட், அதிக உடல் எடை, காயத்து மேல பூசுற மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பவுடரும், இவைதான் புண் ஆறாமல் போக நாங்க பார்க்கிற காரணங்கள். ஆனா அந்த மஞ்சளை ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க. முட்டை சாப்பிட்டு சீழ் பிடிச்சா முட்டை காரணம். முட்டையே தொடாம சீழ் பிடிச்சா கண்ணு பட்டுடுச்சு, இல்லேன்னா டாக்டர் சரியில்லை. தோற்கவே முடியாத நம்பிக்கை இது.

இப்போ கணக்குக்கு வருவோம். சிசேரியன் ஆகி ஒரு வாரம் ஆன, 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணோட பத்தியத் தட்டை எடுத்துக்குவோம். காலை 3 இட்லி, பொடி கூட இல்லாம. அது 5, 6 கிராம் புரதம். பதினோரு மணிக்கு 2 துண்டு பிரெட், 4 கிராம். மதியம் பூண்டு ரசம் ஊத்தின சோறு, 6 கிராம். சாயங்காலம் அரை டம்ளர் பால் கலந்த காபியும் ரஸ்க்கும், 4 அல்லது 5 கிராம். ராத்திரி மறுபடி 3 இட்லி. தாராளமா கூட்டினாலும் 30 கிராமைத் தாண்டாது.

தேவை எவ்வளவு? ஐசிஎம்ஆர் 2020 பரிந்துரைப்படி, பெண்களுக்கு நாளைக்கு சுமார் 46 கிராம். பாலூட்டும் முதல் 6 மாதத்துக்கு அதோடு 17 கிராம் கூடுதல். ஆக 63. இதில் வயிறு கிழிச்சுத் தைச்ச கணக்கு சேரவே இல்லை. தேவையில் பாதியைக் கொடுத்துட்டு "புள்ளைக்குப் பால் பத்தலை, இவ எழுந்து நடக்க மாட்டேங்கிறா"ன்னு அவளையே திட்டுறோம். தாயோட சாப்பாடு குறைஞ்சாலும் தாய்ப்பாலில் புரதம் பெரிசா குறையறதில்லை. அந்தப் புரதத்தை அவ தசையிலிருந்து உடம்பு உருவிக் கொடுக்கும். குழந்தை எடை ஏறிடும். அவ?

இது அங்கொன்று இங்கொன்று நடக்கிற விஷயமும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. ஏற்கெனவே வத்திப்போன உடம்பில்தான் கத்தி வைக்கிறோம், அதுக்கு மேல பத்தியம்.

வார்டில் கொடுக்கிற அவிச்ச முட்டை எங்கே போகுதுன்னு தெரியுமா? வராண்டாவில் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரர் வயித்துக்கு. அவருக்கு எந்தத் தையலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாரம் 5 முட்டை கொடுக்கிற மாநிலம் இது. அந்தப் பிள்ளையைப் பெத்தவளுக்கு ஒண்ணு கொடுக்க நமக்குப் பயம்.

"பாரம்பரியத்தைக் குறை சொல்றீங்களா டாக்டர்?" என்று கேட்பவர்களுக்கு. இல்லைங்க, பாரம்பரியத்தை ஒழுங்கா பின்பற்றுங்கன்னுதான் சொல்றேன். கடலோர ஊர்களில் பிள்ளை பெத்தவளுக்கு முதல் பத்தியமே பால்சுறாப் புட்டும் கருவாட்டுக் குழம்பும்தான். உளுந்தங்களி யாரோட கண்டுபிடிப்பு? நாட்டுக்கோழி ரசம்? நம்ம பாட்டிகளுக்குப் புரதம் என்ற வார்த்தை தெரியாது, ஆனா எதைக் கொடுக்கணும்னு தெரிஞ்சிருக்கு. ரஸ்க், பிரெட், மேரி பிஸ்கட் எந்தப் பாட்டியோட பத்தியம்? "வேண்டாம்" என்கிற பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டு, "கொடு" என்கிற பாதியை பேக்கரிக்கு வித்துட்டோம்.

அடுத்தது டப்பா. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வர்ற ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு சத்துமாவு பான டப்பா. பின்பக்க அட்டையைத் திருப்பிப் படிங்க. சாதாரண மால்ட் பானத்தில் ஒரு வேளை அளவுக்கு 2, 3 கிராம் புரதம்தான் இருக்கும், மிச்சத்தில் பெரும்பங்கு மாவும் சர்க்கரையும். இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பட்டியலில் வைத்து விற்காதீங்கன்னு 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிடுச்சு. ஒரு டப்பா காசுக்கு எத்தனை டஜன் முட்டை வரும்னு நீங்களே கணக்குப் போடுங்க. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், விலை ஒரு டீயை விடக் குறைவு.

எங்க ஆட்களையும் விட முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை ஆறு வரி இருக்கும். சாப்பாட்டுக்கு "நல்லா சாப்பிடுங்கம்மா" என்று வாயால ஒரு வார்த்தை. வீட்டுக்குப் போனதும் அந்த வார்த்தை பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுக்கு முன்னால நிக்குமா? "தினம் 2 முட்டை" என்று சீட்டில் எழுதிக் கொடுங்க டாக்டர்களே. எழுதினதைக் காட்டினா மாமியார்கள் ஒத்துக்குறாங்க, இது நான் தினமும் பார்க்கிறது.

செலவு பெரிசா ஒண்ணும் இல்லை. மேலே சொன்ன அதே தட்டில் 2 முட்டை (12 கிராம்), சோத்துக்கு ரசத்துக்கு முன்னால ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு (6), ராத்திரி ஒரு டம்ளர் பால் (6), ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை (7). 30 இருந்தது 61 ஆச்சு. இட்லியையோ பூண்டு ரசத்தையோ நீங்க விடவே வேண்டாம். பருப்புத் தண்ணியைத் தெளிச்சுக் கொடுக்காதீங்க, சத்து அடியில் தங்கின பருப்பில்தான் இருக்கு. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கிலோ துவரம்பருப்பில் 220 கிராம் புரதம் இருக்கு. சைவம்னா முட்டைக்குப் பதிலா ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், கூட ஒரு கப் தயிர்.

"பருப்பு சாப்பிட்டா குழந்தைக்கு வாயு." வாயு உண்டாவது தாயோட பெருங்குடலில், அது பாலுக்குள் ஏறாது. தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்னு பிள்ளை பெத்தவளைக் காய வைக்கிறதையும் நிறுத்துங்க, அதுக்குத் தனி இழையே போடலாம்.

விதிவிலக்குகள் உண்டு. சிறுநீரகம் பாதிச்சவங்க, கல்லீரல் நோய் முற்றினவங்க, இந்தக் கணக்கைப் பார்த்து நீங்களா மாத்தாதீங்க, உங்க டாக்டர் சொல்ற அளவுதான். குடல் ஆபரேஷன் ஆனவங்க எப்போ வாய்வழி சாப்பாடு, என்ன பதத்தில் என்று சர்ஜன் சொல்லுவார். முட்டை அலர்ஜி நிஜமாவே இருக்கிறவங்களும் இருக்காங்க, அவங்க அதைத் தொட வேண்டாம். தையலைச் சுத்தி சிவந்து சூடா இருந்தாலோ, நீர் கசிஞ்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, என்ன சாப்பிட்டாங்கன்னு விசாரணை நடத்தாம அன்னைக்கே கூட்டிட்டு வாங்க.