நோட்டு அச்சிடும் கரங்கள்

நமது சட்டைப்பையில் இருக்கும் ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் இருக்கிறது. அந்தத் தாளை அச்சிட்டு, எண்ணி, கட்டி அனுப்பிய தொழிலாளியைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. மகாராஷ்டிர மாநிலம் நாசிக் ரோட்டில் 1925ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியப் பாதுகாப்பு அச்சகம் நூறாண்டைத் தொட்டிருக்கிறது. நினைவு விழாக்களும் சிறப்புத் தபால்தலைகளும் ஆட்சியாளர்களுக்குப் போதுமானவையாக இருக்கலாம். நமக்கு அந்த நூறாண்டு வரலாற்றில் கற்க வேண்டியது வேறு.

அரசின் பெயரால் மதிப்புப் பெறும் காகிதத்தை யார் அச்சிடுவது என்ற கேள்வி இந்நாட்டில் தொடக்கத்திலிருந்தே ஆதிக்கம் பற்றிய கேள்வியாக இருந்தது. 1854இல் இந்தியத் தபால்தலைகள் கல்கத்தாவிலேயே கல்லச்சில் அச்சாயின. மறு ஆண்டே அந்த வேலை லண்டனில் உள்ள தாமஸ் டி லா ரூ நிறுவனத்துக்குப் போயிற்று. ஏறத்தாழ 70 ஆண்டுகள் இந்தியாவின் தபால்தலைகளை அந்தத் தனியார் நிறுவனம் அச்சிட்டுக் கப்பலேற்றியது. ரூபாய் நோட்டுகளோ இங்கிலாந்து வங்கியின் அச்சுக்கூடத்திலிருந்து வந்தன. இந்திய உழவனின் வரிப்பணம் கொண்டு, அவனிடமே வரி வசூலிக்கும் காகிதம் லண்டனில் அச்சிடப்பட்டது. இந்த ஏற்பாடு செலவு மிக்கது என்று காலனி அரசே உணர்ந்த பிறகுதான் நாசிக் அச்சகம் பிறந்தது. தேசப்பற்று அதன் காரணமல்ல, கணக்குப் புத்தகம்தான் காரணம். 1928இல் அதன் பக்கத்திலேயே நோட்டு அச்சகம் எழுந்தது. அங்கு முதலில் அச்சானது ஐந்து ரூபாய் நோட்டு.

இந்தியத் தொழிலாளியால் இந்த நுட்பமான வேலை ஆகாது என்று கருதியவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே பதில் கிடைத்தது. 1931இல் புதுதில்லித் தலைநகரத் திறப்புக்கான படத் தபால்தலைகள் நாசிக்கில் அச்சாயின. 1940 டிசம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் டி லா ரூவின் லண்டன் ஆலை அழிந்தது. போர்க்காலத்தில் இலங்கைக்கான நோட்டுகளையும் நாசிக் தொழிலாளர்கள் அச்சிட்டுக் கொடுத்தனர். யாழ்ப்பாணத்துக் கடைவீதியில் புழங்கிய அந்தத் தாள்களில் ஒரு மராத்தியத் தொழிலாளியின் உழைப்பு படிந்திருந்தது.

1947இல் நடந்தது இன்னும் ஆழமாகச் சிந்திக்கத் தக்கது. நாடு பிளவுபட்டு, ரத்த ஆறு ஓடிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், புதிய பாகிஸ்தானுக்கென்று நோட்டு அச்சகம் ஏதும் இல்லை. இந்திய நோட்டுகளின்மீது ‘பாகிஸ்தான் அரசு’ என்ற சொற்களைச் சேர்த்து அச்சிட்டுக் கொடுத்ததும், தபால்தலைகளின்மீது அந்நாட்டின் பெயரைப் பொறித்ததும் நாசிக் அச்சகமே. மதவெறியர்கள் மனிதர்களை வெட்டிக்கொண்டிருந்தபோது இரு நாடுகளின் அன்றாட வாழ்வும் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் அந்தத் தொழிலாளர்கள். நமது பாடநூல்களில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

விடுதலைக்குப் பின்னும் பழைய பழக்கம் உடனே போய்விடவில்லை. அந்நியத் துணியை எரிக்கச் சொன்ன காந்தியடிகளின் நினைவுத் தபால்தலைகள் 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தபோது, அவை அச்சிடப்பட்ட இடம் சுவிட்சர்லாந்து! அதற்கு வேண்டிய நுண்படக் குழியச்சு முறை அப்போது நாசிக்கில் இல்லை என்பது உண்மைதான். நான்கே ஆண்டுகளில், 1952இல், கபீர், துளசிதாசர், மீரா, காலிப், தாகூர் உள்ளிட்ட அறுவரின் தபால்தலைகளை அதே முறையில் நாசிக்கே அச்சிட்டது. பிறகு 1968இல் ஹோஷங்காபாதில் பாதுகாப்புக் காகித ஆலை, 1974இல் தேவாஸில் வங்கி நோட்டு அச்சகம், 1982இல் ஹைதராபாத்தில் பாதுகாப்பு அச்சகம் எனப் பொதுத்துறையில் ஒரு முழுச் சங்கிலி உருவானது. காகிதம், மை, அச்சு ஆகிய மூன்றும் நம் கையில் வரத் தொடங்கின.

இந்தச் சங்கிலியை அறுக்கும் வேலை தாராளமயத்தோடு தொடங்கிற்று. 1997-98இல் அமெரிக்க, பிரிட்டிஷ், ஜெர்மன் நிறுவனங்கள் மூன்றிடம் 200 கோடி நூறு ரூபாய்த் தாள்களும் 160 கோடி ஐந்நூறு ரூபாய்த் தாள்களும் அச்சிட்டு வாங்கப்பட்டன. அவற்றின் மதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாய். நாட்டின் நாணயத்தை அந்நியரிடம் அச்சிடக் கொடுத்ததைப் பொதுத்துறை நிறுவனங்களுக்கான நாடாளுமன்றக் குழு 2010இல் கடுமையாகக் கண்டித்தது. பிரிட்டிஷ் நிறுவனம் எதுவென்றால், நாம் 1925இல் தலைமுழுகிய அதே டி லா ரூ. அந்த 2010ஆம் ஆண்டிலேயே, தனது ஆலையில் தயாரான பாதுகாப்புக் காகிதத்தின் தரச் சான்றிதழ்களில் தன் ஊழியர்கள் சிலர் பொய்யான விவரங்களைப் பதிந்ததை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதன் தலைமை நிர்வாகி பதவி விலகினார். ‘தனியார் என்றால் தரம்’ என்று நமக்கு ஓயாமல் ஓதுபவர்கள் இந்த நிகழ்ச்சியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

2006 ஜனவரியில் நான்கு அச்சகங்களும், நான்கு நாணயச் சாலைகளும், காகித ஆலையும் சேர்த்து இந்தியப் பாதுகாப்பு அச்சு மற்றும் நாணயத் தயாரிப்புக் கழகம் என்ற கம்பெனி ஆக்கப்பட்டன. அதுவரை நிதியமைச்சகத்தின் நேரடித் துறைகளாக இருந்தவை அவை. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான கூட்டணி. இடதுசாரிக் கட்சிகள் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்துவந்தன. இதைச் சொல்லாமல் பாஜகவை மட்டும் சாடிவிட்டுப் போவது நேர்மையாகாது. அன்றைய மாற்றம் தொழிலாளரிடையே ஒரு கோட்டைக் கிழித்தது. அதற்கு முன் சேர்ந்தவர்கள் அரசு ஊழியராக வந்தவர்கள். பின்னர் சேர்ந்தவர்கள் கம்பெனி ஊழியர்கள். ஒரே இயந்திரத்தின் இரு பக்கமும் நின்று வேலை செய்யும் இருவருக்கு ஓய்வூதியம் ஒன்றல்ல. பங்கு முழுவதும் அரசிடமே இருக்கிறது, எனவே கவலை வேண்டாம் என்றார்கள். கம்பெனியாக்குவது முதல் படி. பங்கு விற்பனை அடுத்த படி. 2021 அக்டோபரில் ஆவடி, திருச்சி, அருவங்காடு உள்ளிட்ட 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக உடைத்தபோது, மோடி அரசு சொன்ன வாக்குறுதிகளும் ஏறத்தாழ இவையேதான். அதைச் செய்வதற்கு முன்பாக வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். தொழிலாளி என்ன சொல்வார் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அச்சகத் தொழிலாளியின் உழைப்பு என்ன பாடுபடும் என்பதை 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு நாடு கண்டது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதத்தை ஒரே அறிவிப்பில் செல்லாததாக்கினார் பிரதமர். மக்கள் வங்கி வாசலில் நின்றார்கள். நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி அச்சகங்களில் தொழிலாளர்கள் ஞாயிறும் விடுமுறையும் இன்றி இயந்திரங்களின் முன் நின்றார்கள். மேற்கு வங்கத்தின் சால்போனியில் 12 மணி நேர வேலையால் பலர் நோயுற்றனர். 9 மணி நேரத்துக்கு மேல் இனி முடியாது என்று டிசம்பர் இறுதியில் அங்குள்ள ஊழியர் சங்கம் நிர்வாகத்துக்குத் தெரிவித்தது. அது நமது சங்கமல்ல, திரிணாமூல் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் தலைமை தாங்கிய சங்கம். ஆனாலும் அவர்கள் கேட்டது நியாயம். எட்டு மணி நேர வேலைக்காக உயிர் கொடுத்த வர்க்கத்தின் வாரிசுகள் ஒன்பது மணி நேரத்துக்காக மன்றாட வேண்டிய நிலை! 2015-16இல் 3,421 கோடி ரூபாயாக இருந்த ரிசர்வ் வங்கியின் நோட்டு அச்சுச் செலவு மறு ஆண்டு 7,965 கோடியானது. செல்லாதென்ற தாள்களில் 99.3 சதவீதம் வங்கிக்கே திரும்பிவிட்டது. அவசர அவசரமாக அச்சிடப்பட்ட 2,000 ரூபாய் நோட்டும் 2023 மே மாதம் திரும்பப் பெறப்பட்டது. அந்த இரவுகளில் கெட்ட முதுகுக்கும் கண்ணுக்கும் எந்தக் கணக்கிலும் இடமில்லை.

இந்த வேலையின் மற்றொரு சுமை சந்தேகம். தாள் ஒவ்வொன்றும் எண்ணப்படும். கெட்டுப்போன தாளுக்கும் கணக்குண்டு. வாயிலில் சோதனை இல்லாமல் யாரும் வெளியேற முடியாது. 2021இல் நாசிக் நோட்டு அச்சகத்தில் 5 லட்சம் ரூபாய்க் கட்டு காணவில்லை என்று வழக்குப் பதிவாயிற்று. தொலைக்காட்சிகள் ‘திருட்டு’ என்று அலறின. கடைசியில், அது களவு போகவில்லை, தவறுதலாக அழிக்கப்பட்டிருந்தது என்பதும், தண்டனைக்கு அஞ்சி அதைச் சொல்லாமல் மறைத்தார்கள் என்பதும் விசாரணையில் வெளிவந்தன. தவறைத் தவறென்று சொல்லக்கூட அஞ்சும் நிலையில் தொழிலாளியை வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது.

உண்மையான பாதுகாப்புக் கேடு எங்கிருந்து வந்தது என்பதற்குத் தெல்கி முத்திரைத்தாள் ஊழல் சாட்சி. அந்த மோசடிக் கும்பல் கள்ளத்தாள் அச்சிட வாங்கியது, நாசிக் அச்சகம் பழையவை என்று கழித்துவிட்ட இயந்திரங்களை. அரசியல்வாதிகள், அதிகாரிகள் எனப் பலரது பெயர்கள் அடிபட்ட அந்த வழக்கில் தெல்கிக்கு 2007இல் 30 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அரசு அச்சகத்தின் இயந்திரம் ஏலக் கூடத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

நாசிக் எங்கோ இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ரேணிகுண்டா சந்திப்பில் பயணச்சீட்டு வாங்கும் தோழரும், சென்னை சென்ட்ரலில் வாங்கும் தோழரும் கையில் பிடிப்பது பணமதிப்புள்ள பாதுகாப்புத் தாள்தான். தென்மத்திய ரயில்வேக்கு செகந்திராபாதிலும் தெற்கு ரயில்வேக்கு ராயபுரத்திலும் அவற்றை அச்சிட ரயில்வேயின் சொந்த அச்சகங்கள் இருந்தன. இவ்விரண்டோடு பைகுல்லா, ஹவுரா, ஷகூர்பஸ்தி அச்சகங்களையும் மூடும்படி 2023 மே மாதம் ரயில்வே வாரியம் உத்தரவிட்டது. சீட்டு அச்சிடும் பணி தனியார் பாதுகாப்பு அச்சகங்களுக்கு வழங்கப்படும் என்றது. மின்னணுச் சீட்டு வந்துவிட்டது, காகிதம் எதற்கு என்பது அவர்கள் வாதம். கைப்பேசியில் முன்பதிவு செய்ய வழியின்றிப் பொதுப்பெட்டியில் ஏறும் கட்டடத் தொழிலாளிக்கு இன்னமும் காகிதச் சீட்டுதான் வேண்டும். அதை அச்சிடும் லாபம் மட்டும் தனியாருக்கு வேண்டும் என்பதே இதன் பொருள்.

ராயபுரத்திலும் செகந்திராபாதிலும் பயிற்சி பெற்ற அச்சுத் தொழிலாளர்களை அவர்கள் அறியாத பணிகளுக்கு மாற்றுவதை ரயில்வே நிர்வாகம் நிறுத்த வேண்டும். ஐந்து அச்சகங்களின் இயந்திரங்கள் எவை, எங்கே வைக்கப்பட்டுள்ளன, யாருக்கு என்ன விலைக்கு விற்கப்பட உள்ளன என்பதை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். அந்த விவரம் வெளிவரும்வரை ஓர் இயந்திரம்கூட ஏலத்துக்குப் போகக் கூடாது.