முற்பணம் நீட்டுகிறவன் வள்ளலா?

தோழர்களே! உருத்திரபுரத்தில் வீடு வீடாக ஏஜென்சிக்காரன் வருகிறான். “ஓமானில் வீட்டு வேலை, செலவெல்லாம் எங்களுடையது, முற்பணமும் தருவோம்” என்கிறான். 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடிவந்த குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு புதிதா? எங்கள் பாட்டனைத் தோட்டத்துக்கு இழுத்த கங்காணியும் முற்பணம்தான் நீட்டினான். அந்தக் கடனைத் துண்டில் எழுதினார்கள். தோட்டம் மாறினாலும் கடன் கூடவே வந்தது. துண்டு முறையை ஒழிக்க 1921 வரை ஆனது!

2022இல் விசிட் விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோன நம் நாட்டுப் பெண்களின் கதி ஊரறிந்தது. வேலைக்கு விசிட் விசாவா? ஒப்பந்தத்தைக் காட்டாமல் பாஸ்போர்ட்டை முதலில் கேட்கிறவனோடு என்ன பேச்சு? அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். மழுப்பினால் முற்பணத்தைத் தொடாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அவன் முன்னாலேயே போன் போடுங்கள்.